எட்டும் என்று சொன்ன கை

செய்தி அறையில் நான் அதிகம் அடித்துத் திருத்திய சொற்களில் ஒன்று ‘சாண்’. ஒரு சாண் அகல விரிசல், இரண்டு சாண் நீளப் பாம்பு என்று நிருபர்கள் எழுதி அனுப்புவார்கள். நான் போனில் கூப்பிட்டு, “யாருடைய சாண்? எத்தனை சென்டிமீட்டர்?” என்று கேட்பேன். விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை உள்ள நீளம்தான் சாண். அது ஆளுக்கு ஆள் மாறும். மாறுகிற ஒன்றை அளவென்று அச்சில் ஏற்றக் கூடாது என்பது என் கட்சி. மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் இதில் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையின் செயலர் போனில் அதே சொல்லைச் சொன்னபோது மட்டும் நான் திருப்பிக் கேட்கவில்லை.

வேலையை விட்டபின் அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டேன். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். ஞாயிறுதோறும் திருச்சுழி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டுக்கு நடுவே உள்ள எங்கள் பூர்வீக ஊர்ச் சபைக்குப் போவேன். ஆராதனையில் கீபோர்டு வாசிப்பது நான்தான். அங்கே வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்பதே என் தகுதி. அதுவும் சின்னக் கீபோர்டு. கட்டைகள் குறுகலானவை. இடது கையால் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் போதும், தாளத்தையும் கீழ்ச் சுருதியையும் அதுவே கூட்டிக்கொண்டு போகும். “அக்கா ரெண்டு கையிலயும் வெளுத்து வாங்குறாக” என்று சபையில் சொல்வார்கள். உண்மையில் என்னுடையது வலது கை மட்டும். இடது கையின் வேலையைக் கருவி பார்த்துக்கொண்டது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் பிறந்து பெங்களூரில் குடியேறிவிட்ட ஒருவர், வீடு மாற்றும்போது தன் பிள்ளைகள் வாசித்த பியானோவைச் சபைக்குக் கொடுக்க முன்வந்தார். செயலர் என்னை அழைத்தார். சோளமும் கொத்தமல்லியும் பயிர்செய்கிற சம்சாரி அவர். காட்டில் நின்றுகொண்டுதான் எப்போதும் பேசுவார், காற்று இரையும்.

“அக்கா, அதுல கட்டையெல்லாம் பெருசாம். கீழ ச-வுல இருந்து மேல ச-வுக்கு ஒரு சாணு வருமாம். அவுக மகளுக்கே சின்ன வயசுல எட்டாமக் கெடந்துச்சாம். வாசிக்கிறவுகளுக்குக் கை எட்டுமான்னு கேட்டுக்கிடுங்கன்னு சொல்றாக.”

“ஒரு சாண்தானே? எட்டும்.”

சொல்லிக்கொண்டே இடது கையை விரித்துப் பார்த்தேன். ஒரு சாண் இருந்தது. யார் கையை விரித்தாலும் ஒரு சாண் இருக்கும். பெங்களூர்க்காரர் நல்ல உயரம், கை முறம் மாதிரி. அவர் தன் கையை வைத்து அளந்திருக்கிறார். நான் என் கையை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். இடையில் ஒரு சென்டிமீட்டரைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை.

மார்கழியில் பியானோ லாரியில் வந்து இறங்கியது. எங்கள் சபைக் கோயில் படியில் அதை ஏற்றும்போது நான் அங்கே இருந்தேன். “ஏலே, பாத்துத் தூக்குலே. பல்லெல்லாம் கொட்டிரப் போகுது” என்று ஒருவர் கத்த, “கொட்டுனா அக்கா கட்டிக் குடுப்பாக” என்றார் இன்னொருவர். பீடத்துக்கு இடது பக்கம் சுவரை ஒட்டி வைத்தார்கள். கூடவே ஒரு உறையில் இசைக்குறிப்பும் வந்திருந்தது. அறுப்பின் பண்டிகையன்று சபையார் தங்கள் விளைச்சலைப் பவனியாகக் கொண்டுவந்து பீடத்தில் வைப்பார்கள் அல்லவா, அந்தப் பவனிக்கு வாசிக்கவேண்டிய பாட்டு. மாசியில் பண்டிகை. கொடுத்தவர் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

குறிப்பைப் பார்த்தேன். இடது கைக்கு வரிக்கு வரி எட்டு. ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையிலான தூரத்தை நாங்கள் எட்டு என்றுதான் சொல்வோம், எண்ணினால் எட்டு வெள்ளைக் கட்டை. இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் பியானோவைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் உட்கார்ந்தேன். சுண்டுவிரலைக் கீழ் ச-வில் வைத்தேன். கட்டைவிரல் நி-யில் போய் விழுந்தது. இன்னும் இழுத்தேன். கட்டைவிரல் நுனி மேல் ச-வின் ஓரத்தைப் பிடித்தது, ஆனால் அடிப்பகுதி நி-யையும் சேர்த்து அழுத்தியது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டும் ஒன்றாக ஒலித்தால் எப்படி இருக்கும் என்பது சங்கீதம் தெரியாதவருக்கும் தெரியும்.

பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிற, எல்லோரும் மதினி என்று கூப்பிடும் ஒருத்தி, “என்னக்கா, எட்டு எட்டலையா?” என்றாள்.

கேலிக்காகச் சொன்னாளா, தானாக அப்படி வந்து விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “பெட்டி புதுசுல்ல, பழகணும்” என்றேன். அதுவரைக்கும் ஞாயிறு ஆராதனைக்குப் பழைய கீபோர்டையே வைத்துக்கொண்டேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது செயலர் பக்கத்தில் வந்தார். “அக்கா, பண்டிகைக்கு மட்டும் மதுரையில இருந்து வாசிக்கிற பிள்ள ஒண்ண அனுப்பட்டுமான்னு பெங்களூர்க்காரக கேக்காக. தெரிஞ்ச பிள்ளயாம். என்ன சொல்ல?”

“எதுக்கு? நான் வாசிக்கிறேன்.”

உடனே சொன்னேன். யோசிக்க நேரம் எடுத்தால் அதுவே பதிலாகிவிடும் என்று பட்டது. பத்திரிகையில் மேசையில் இருந்து திருத்துகிறவர்களின் பெயர் வெளியே வராது. இத்தனை வருடத்தில் அது என்னை உறுத்தியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த முக்காலியில் உட்கார்ந்து கையை வைத்ததும் கோயில் முழுவதும் எழுந்து நிற்கும். அது எனக்கு வேண்டியிருந்தது. பண்டிகையன்று வேறொருத்தி அங்கே உட்கார்ந்தால், அதற்குப் பிறகு நான் யாரும் வராத நாளுக்கு வாசிக்கிறவளாகிவிடுவேன்.

கையை நீட்டித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

போனில் தேடினால் எத்தனையோ வீடியோக்கள். விரலை விரிக்கும் பயிற்சி, சாணைக் கூட்டும் ரகசியம். பாதிப் பேர் மெதுவாகச் செய்யுங்கள் என்றார்கள். அந்தப் பகுதியை நான் தள்ளிவிட்டுப் பார்த்தேன். விடியற்காலையில் பல் துலக்குவதற்கு முன், மார்கழிக் குளிரில் விரல் மரத்திருக்கும்போதே, இடது கையைச் சாப்பாட்டு மேசையின் மூலையில் கவ்வக் கொடுத்து உடம்பின் பாரத்தை அதன் மேல் இறக்குவேன். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே மூடிபோட்ட எவர்சில்வர் சம்படத்தை வைத்து அழுத்துவேன். ஸ்கேலை எடுத்து அளப்பேன். முந்தின நாளைவிட ஒரு நூல் கூடியிருப்பதுபோல் இருக்கும். ஸ்கேலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன் என்பதும் தெரியும். பிறர் எழுதிய கணக்கில் இப்படி ஒரு சாய்வு இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

வலி இருந்தது. வலித்தால் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பிறர் பார்க்கிற இடத்திலும் செய்யத் தொடங்கினேன், முந்தானைக்குள் மறைத்து. ஆனால் பஸ்ஸில் மறைக்க முடியாது. முன் இருக்கையின் முதுகில் கைப்பிடிக் கம்பி ஒன்று இருக்கும். அதன் வளைவில் கட்டைவிரலை ஒரு பக்கமும் மற்ற விரல்களை மறுபக்கமும் கொடுத்து நெம்பினால் நன்றாக விரியும். திருச்சுழியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஒரு ஞாயிறு அப்படி நெம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் வயதுடைய ஒரு பெண். பந்தல்குடிக்குப் போக அருப்புக்கோட்டையில் வண்டி மாற வேண்டும் என்று ஏறும்போதே கண்டக்டரிடம் சொன்னவர். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார்.

“கைக்கு என்னத்தா? வாதமா?”

“இல்லைங்க. சும்மா.”

“சும்மாவா? சும்மா இந்தப் பாடு படுத்துறீக அதை?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கையை எடுத்திருக்கலாம். அவர் பார்த்ததால் எடுத்ததாகிவிடுமே என்று எடுக்கவில்லை. பஸ் பள்ளத்தில் இறங்கியது. உடம்பு முழுவதும் முன்னால் போய் அந்தக் கையின் மேல் விழுந்தது. கட்டைவிரலின் அடியில் நனைந்த துணியைக் கிழித்ததுபோல் ஒன்று நடந்தது. நான் சத்தம் போட்டேன் போலிருக்கிறது. கண்டக்டர் திரும்பி, “கம்பிக்குள்ள எதுக்கும்மா கைய விடுறீங்க? சின்னப் பிள்ளையா?” என்றார். முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் இறங்கியபோது அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“சுளுக்குத்தான். இந்தச் சிமிண்டு பெஞ்சில உக்காருங்க. நான் எடுத்து விட்டுறேன். நான் காலு முன்ன வந்து பொறந்தவ.”

பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர்கள் தங்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு போகும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை உண்டு. முதுகுப் பிடிப்புக்கு நீவிப் பார்த்திருக்கிறேன். கைக்கு நீவி நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் இது சுளுக்கில்லை என்று சொல்ல வேண்டும். சுளுக்கில்லை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். இந்த வயதில் பியானோவுக்காக விரலை நீட்டித்துக்கொண்டிருந்தேன் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளங்கையைப் பெஞ்சில் விரித்து வைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி, பாதத்தைச் சேலை ஓரத்தில் துடைத்து, குதிகாலை என் கட்டைவிரல் மேட்டில் வைத்து இழுத்தார். வாழைப்பழ வண்டிக்காரர், டீக்கடையில் நின்றவர்கள், வீரசோழன் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர், “இன்னங் கொஞ்சம் மேலாப்ல மிதிங்கத்தா” என்று யோசனையும் சொன்னார்.

“எப்பிடி இருக்கு?”

முழங்கை வரை நெருப்பாக ஏறியது. “சரியாப் போச்சு” என்றேன்.

“பாத்தீகளா!” என்று அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவருடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கட்டைவிரல் அடி புடைத்திருந்தது. தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு உடையவில்லை, தசைநார் இழுபட்டிருக்கிறது என்று சொல்லி, பட்டை கட்டி, வலி குறைந்ததும் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகச் சொன்னார். அந்த சிகிச்சை தருகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். எப்படி நடந்தது என்று கேட்டாள். பஸ் பள்ளத்தில் இறங்கியது என்றேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பள்ளம் ஒருநாள்தான மேடம் வந்துச்சு. இது பல நாளா இழுத்த கை மாதிரில்ல இருக்கு.”

சொன்னேன். மேசை மூலை, சம்படம், காலைக் குளிர், வீடியோ எல்லாவற்றையும்.

“பேப்பர்ல வேலை பாத்தேன்னு சொன்னீங்க. வீடியோல சொன்னா அப்படியே நம்பிருவீங்களா?”

அவள் சிரித்தபடியே தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். விரல் எலும்பு வளர்ந்து முடிந்தது, அதை எதுவும் நீட்டாது என்றாள். விரல்களுக்கு நடுவே உள்ள தோலும் தசையும் கொஞ்சம் இளகும். அதுவும் மாதக் கணக்கில் கொஞ்சம்தான். வலி தெரிந்த இடத்தைத் தாண்டி இழுத்தால் இளகுவதற்குப் பதில் இறுகிக்கொள்ளும், இல்லாவிட்டால் பிய்யும். விரல் மரத்தாலோ, மறுநாளும் வலி இருந்தாலோ நிறுத்திவிட வேண்டும்.

வீக்கம் வற்றியபின், அந்த நேரத்துக்கு மட்டும் பட்டையைக் கழற்றிவிட்டு, செய்யச் சொன்னவை ஒன்றும் பெரிதில்லை. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்திருக்க வேண்டும். பிறகு மேசையில் தளர்வாகப் போட்டு, விரல்களைத் தாமாக விலக விட்டு, இலேசாக இழுபடுகிற இடத்தில் நிறுத்தி, நாலைந்து மூச்சு விட்டுவிட்டு, மடக்கி ஓய்வு கொடுக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையை மறுகையால் மெல்லப் பிடித்து இளக்கலாம், விரல் நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. முன்கையையும் மணிக்கட்டையும் மெதுவாக நீட்டி மடக்க வேண்டும். சம்படம், கம்பி, மேசை மூலை எதுவும் கூடாது.

முதல் தடவை நான் செய்தபோதே என் கையைத் தட்டினாள்.

“விரிக்காதீங்க மேடம். விரியட்டும்.”

தன்வினை, பிறவினை. இந்த வேறுபாட்டை எத்தனை பேர் எழுத்தில் திருத்தியிருப்பேன். தலை குனிந்துகொண்டு கையைப் பார்த்தேன். அது விரிகிற வரைக்கும் மட்டும் விரிந்தது. அது என் கை என்று நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தது.

வாசிக்கும்போது எப்படி உட்காருவேன் என்று செய்து காட்டச் சொன்னாள். அவளுடைய மேசையில் இல்லாத பியானோவை வாசித்துக் காட்டினேன். “அந்தப் பெட்டியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா தோளு காதுகிட்ட வந்து நிக்குது பாருங்க. மணிக்கட்டு வெளிப்பக்கம் ஒடிஞ்சு நிக்குது. அப்படி வச்சா இருக்கிற நீளமும் கிடைக்காது” என்றாள். தோளை இறக்கி மணிக்கட்டை நேராக வைத்ததும் விரல்கள் கொஞ்சம் கூடுதலாகப் போனது உண்மை. வீட்டில் வைத்து ஸ்கேலைச் சாய்க்காமல் அளந்தேன். மேல் ச-வின் ஓரத்தை நி-யைத் தொடாமல் பிடிக்கலாம், மெதுவாக, ஒருமுறை. வரிக்கு வரி, வேகமாக, பவனி முழுவதும் முடியாது. மாசிக்குள் முடியவே முடியாது.

அதைச் சபைக் கமிட்டியில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆராதனை முடிந்து கமிட்டிக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பியானோ பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்பார்கள், அவரும் இருந்தார். பாடகர் குழு மதினியும் இருந்தாள். பண்டிகைக்கு அந்தப் பாட்டை என்னால் வாசிக்க முடியாது, எட்டு எட்டவில்லை என்றேன்.

செயலர் குழம்பினார். “ஒரு சாணு எட்டும்னு நீங்கதானக்கா சொன்னீக?”

“என் சாண் சின்னது.”

“சாணுல என்னக்கா சின்னது பெருசு?” என்று அவர் எழுந்து பியானோ மூடியைத் திறந்தார். “எங்க இருந்து எங்க?”

காட்டினேன். சோளம் அறுத்துக் காய்த்துப்போன கையை விரித்து வைத்தார். தாராளமாக எட்டியது. இரண்டு ச-வும் கோயில் அதிரும்படி ஒலித்தன. “ஏலே, எனக்கு எட்டுதுலே!” என்றார். அவ்வளவுதான், மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். பொருளாளருக்கு எட்டியது. பருத்திக் கமிஷன் கடைக்காரருக்கு எட்டையும் தாண்டிப் போனது. “ஐயர் நீங்களும் வைங்க” என்று அவரையும் இழுத்தார்கள். அவருக்கும் எட்டியது. கடைசியில் மதினி வந்து, வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை வைத்தாள்.

“ஏ ஆத்தி! எனக்கே எட்டுதே!”

ஒரு வரி வாசிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் மாறி மாறி எட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் குரோதம் இல்லை, சின்னப் பிள்ளைகள் போல் சந்தோஷமாக இருந்தார்கள். நான் பட்டை கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த முக்காலியில் இருந்தேன். அவர்கள் கை வைக்க வசதியாக உடம்பை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

“மதுரையில இருந்து அந்தப் பொண்ணையே வரச்சொல்லுங்க” என்றேன்.

“நீங்க வருத்தப்படாதீகக்கா” என்றார் செயலர். அதற்குப் பிறகு வருத்தப்படாததுபோல் இருப்பதும் ஒரு வேலையாகிவிட்டது.

பண்டிகையன்று கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சோளக் கதிர்க் கட்டு, மல்லி மூட்டை, பருத்தி, பூசணி, கால் கட்டிய சேவல் எல்லாம் வரிசையில் நின்றன. பெங்களூர்க்காரர் குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தார். நான் இடப்பக்கம் இரண்டாவது பெஞ்சில், வாசிப்பவரின் முதுகு தெரியும் இடத்தில். மதுரைப் பெண் வந்து உட்கார்ந்து, முக்காலியின் உயரத்தைச் சரிசெய்து, தொடங்கினாள். சபை எழுந்து நின்றது. நானும் நின்றேன்.

நன்றாக வாசித்தாள். ஆனால் இரண்டாவது வரியில் கீழ் ச வரவில்லை. என் காது அதைப் பிடித்தது. மூன்றாவது வரியிலும் ஒன்று விடுபட்டது. குறிப்பு எனக்கு மனப்பாடம். எங்கெங்கே எட்டு வரவேண்டும், எங்கே இவள் பாதியை விடுகிறாள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வந்தேன். அச்சான பக்கத்தில் போட்டிப் பத்திரிகையின் பிழையைக் காண்கிற சந்தோஷம் அது. இன்னொன்று, இதோ இன்னொன்று. சேவல்காரர் பீடத்தைத் தாண்டிப் போனார், பூசணி போனது, நான் பாட்டைக் கேட்கவே இல்லை.

பிறகுதான் அவள் இடது கையை எட்டிப் பார்த்தேன். என் கையைவிடப் பெரிதில்லை. தோள் இறங்கியிருந்தது, மணிக்கட்டு நேராக இருந்தது. சில எட்டுகளைக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று உருட்டி வாசித்தாள். வேகமான இடங்களில் கீழே உள்ளதை வேண்டுமென்றே விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் வைத்தாள். அதற்காக அவள் இழுக்கவும் இல்லை, திகைக்கவும் இல்லை. பவனி முடியும்வரை பாட்டு எங்கும் தடுமாறவில்லை. பெங்களூர்க்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, யாராவது என் முகத்தைப் பார்த்திருப்பார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் ஏலத்துக்குப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். படைத்த விளைச்சலைச் சபையாரே ஏலம் எடுப்பார்கள். உள்ளே அவளும் நானும் மட்டும். குறிப்பை உறையில் வைத்துக்கொண்டே என் பட்டையைப் பார்த்தாள்.

“நீங்கதானேக்கா இங்க எப்பவும் வாசிக்கிறது? கைக்கு என்ன?”

“எட்டு எட்டல. இழுத்துப் பாத்தேன்.”

“அய்யோ, இழுக்கவா செஞ்சீங்க? எனக்கும் எட்டாதுக்கா. பாதியை விட்டுட்டேன். கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சு.”

அவள் சிரித்தாள். “உங்க ஒருத்தருக்குத்தான் கேட்டிருக்கும்.” பிறகு, உண்மையாகவே புரியாமல், “இவ்வளவு காது இருக்கே, நீங்களே வாசிச்சிருக்கலாமேக்கா. எதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க?” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் செயலர் ஏலத்தில் எடுத்த பூசணியோடு உள்ளே வந்துவிட்டார்.

“பிரமாதம்மா! எல்லாருக்கும் பரம சந்தோசம். ஏங்க்கா, அடுத்த ஞாயித்துக்கெழமையும் இவுகளையே வரச்சொல்லுவமா? பெங்களூர்க்காரக வண்டிச் செலவு குடுத்துருவாகளாம்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“வேண்டாம். நான் வாசிக்கிறேன்” என்றேன். “பட்டையை நாளைக்குக் கழற்றிடுவாங்க. ஆனா எட்டு இருக்காது. கீழ உள்ளதைப் பாதி இடத்துல விட்டுருவேன். பழைய கீபோர்டுல இடது கை வேலையெல்லாம் அதுவே பாத்துச்சு, நான் பாக்கலை. அதனால கொஞ்ச நாளைக்கு மொத்தமும் மெலிஞ்சுதான் இருக்கும்.”

செயலர் பூசணியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “எதுல பாதி?”

மறுபடியும் சொன்னேன். மேல் ச இது, கீழ் ச இது, இதை விட்டுவிடுவேன் என்று கட்டையைத் தொட்டுக் காட்டினேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது. அவர் இரண்டு கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அட, மேல உள்ளதுதான் இருக்குல்ல? இதுக்குத்தானா அம்புட்டு நாளும் கையில துணியச் சுத்திக்கிட்டுத் திரிஞ்சீக?”

வாசல் வரை போய், பந்தலைப் பார்த்து, ஏலச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார்: “ஏலே, வாரவாரம் நம்ம அக்காவே வாசிக்கிறாகளாம்! பாதிய விட்டுருவாகளாம், பரவால்லன்னுட்டேன்!”

பந்தலில் சிரிப்பு எழுந்தது. மதினியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. எத்தனை பேர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்து, முந்தானையால் பியானோ மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.